முழு நிதியுடன் முனைவர் பட்டம்: உணவு அறிவியலிலும் ஊட்டச்சத்தியலிலும் அந்தப் பணம் எதுவரை வரும்?

மாவுச்சத்து எழுதியது:

வணக்கம். உணவு அறிவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். என் ஆர்வம் ஸ்டார்ச் (மாவுச்சத்து) செரிமானம். ஒரே அளவு மாவுச்சத்து உள்ள இரண்டு உணவுகளில் ஒன்று ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகிறது, மற்றொன்று மெல்ல ஏற்றுகிறது. இது ஏன்? உணவின் உள்ளமைப்பை மாற்றி அந்த வேகத்தைக் குறைக்க முடியுமா? இதைத்தான் ஆராய விரும்புகிறேன். ஆய்வகத்தில் தொடங்கி, மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பதுவரை போக வேண்டும் என்பது ஆசை.

சொந்தப் பணம் போட்டுப் படிக்கும் நிலையில் நான் இல்லை. இப்போது இரண்டு அறிவிப்புகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று ஐரோப்பிய முனைவர் வலையமைப்பு ஒன்றில் மூன்று ஆண்டு இடம். மற்றொன்று ஒரு பல்கலைக்கழகமும் ஓர் உணவு நிறுவனமும் சேர்ந்து அறிவித்திருக்கும் நான்கு ஆண்டு இடம். இரண்டிலும் "முழு நிதி" என்றே போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? எதைப் பார்த்து முடிவு செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரைசல் எழுதியது:

வாழ்த்துகள், நல்ல தலைப்பு. முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அந்த இடத்தில் நீங்கள் ஊழியரா, மாணவரா?

நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர். சம்பளம், விடுப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் உண்டு. நான் இருப்பது நெதர்லாந்தில். இங்கே வழக்கமாக நான்கு ஆண்டுகள். ஊதியத்தைப் பல்கலைக்கழகங்களுக்கான பொது ஊதிய ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. நான்கு ஆண்டுக்கும் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிவிட மாட்டார்கள். முதலில் ஓர் ஆண்டோ ஒன்றரை ஆண்டோ தருவார்கள், அதன் முடிவில் மதிப்பிடுவார்கள், திருப்தி என்றால் மீதி. டென்மார்க்கில் மூன்றே ஆண்டுகள். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் அந்த மூன்று ஆண்டுக்குள் 840 மணி நேரம் பாடம் நடத்துவது போன்ற துறைப் பணிகளுக்கும் போகும். மூன்று ஆண்டில் அது சிறிய துண்டு அல்ல.

ஜெர்மனியில் அரசு ஊதிய அட்டவணையின் 13ஆம் நிலையில் எடுப்பார்கள், ஆனால் பாதி அல்லது 65 சதவீதப் பணியிடமாக. குறைவது சம்பளம், ஆய்வகத்தில் செலவாகும் நேரம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அதை மனத்தில் வைத்து விளம்பரத்தைப் படியுங்கள்.

பிரிட்டனில் பெரும்பாலும் மாணவர் நிலைதான். அரசின் ஆய்வு நிதி அமைப்பான யூகேஆர்ஐ 2025-26 கல்வியாண்டுக்கு அறிவித்த குறைந்தபட்ச உதவித்தொகை ஆண்டுக்கு 20,780 பவுண்டு. வருமான வரி இல்லை. வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஓர் ஆண்டுச் சேர்க்கையில் அவர்களுடைய பங்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. அதனால் போட்டி கடுமை.

அமெரிக்காவில் ஆசிரியர் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பணி வழியாகவே நிதி வரும். கல்விக் கட்டணத்தை விலக்கிவிட்டு மாதத் தொகை தருவார்கள். ஐந்து ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடிதத்தில் பார்க்க வேண்டியது, எத்தனை ஆண்டுக்கு நிதி உறுதி, கோடையிலும் உண்டா, கட்டண விலக்குக்குப் பிறகும் பல்கலைக்கழகம் தனியாக வாங்கும் கட்டணங்கள் எவ்வளவு என்பவை. இன்னொன்று: நிதியுடன் கூடிய இடத்துக்கு ஏப்ரல் 15க்கு முன்னால் பதில் சொல்லும்படி நெருக்கக் கூடாது என்று அந்நாட்டுப் பட்டமேற்படிப்புக் கல்வி நிறுவனங்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது. ஒரு வாரத்தில் முடிவு சொல் என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்தப் பல்கலைக்கழகம் அதில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் முதல் அறிவிப்பு, ஐரோப்பிய ஒன்றியம் ஆய்வாளர்களுக்கு நிதி தரும் மரீ ஸ்க்வொடோவ்ஸ்கா-க்யூரி திட்ட வகையைச் சேர்ந்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் இடம்பெயர்வு விதியை உடனே சரிபாருங்கள். பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், வேலை தரும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. எந்த நாட்டுக் குடிமகன் என்பது பொருட்டல்ல. மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் இந்த விதியில் சிக்கினால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும்.

அகர்தட்டு எழுதியது:

தேடும் இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய வேலைகளுக்கு யூராக்செஸ் தளம். அதைவிட முக்கியம், நல்ல துறைகளின் பக்கங்களை நேரடியாகப் பின்தொடர்வது: நெதர்லாந்தில் வாகெனிங்கன் பல்கலைக்கழகம், பிரிட்டனில் அபர்டீனில் உள்ள ரோவெட் ஆய்வு நிறுவனம், நாரிச்சில் குவாட்ரம் ஆய்வு நிறுவனம், அமெரிக்காவில் கார்னெல், டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், நியூசிலாந்தில் மாஸி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரிடெட் நிறுவனம். நியூசிலாந்தில் முனைவர் பட்ட மாணவர் வெளிநாட்டவராக இருந்தாலும் உள்நாட்டுக் கட்டணமே செலுத்துகிறார் என்பது பலருக்குத் தெரியாது. முழு நிதி கிடைக்காமல் பகுதி நிதி மட்டும் கிடைத்தவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. வாகெனிங்கனில் 'சாண்ட்விச்' முறையும் உண்டு: தொடக்கமும் முடிவும் அங்கே, நடுவில் களப்பணி சொந்த நாட்டில்.

தொடராய்வு எழுதியது:

கரைசல் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நாடுகளை ஒப்பிடுவதற்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நான் ஊட்டச்சத்து நோய்ப்பரவலியல் துறையில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கிறேன். மாணவர்கள் சிக்கிக்கொள்வது தொகை குறைவதால் அல்ல. நிதி நிற்கும் நாளும் ஆய்வு முடியும் நாளும் பொருந்தாததால்.

மாவுச்சத்து, நீங்கள் "மனிதர்களிடம் சோதிப்பதுவரை" என்று ஒரே சொற்றொடரில் எழுதிவிட்டீர்கள். அதற்குள் என்னென்ன இருக்கிறது தெரியுமா? ஆய்வுத் திட்டத்தை விரிவாக எழுத வேண்டும். மனித ஆய்வுகளின் அறநெறியைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் திருத்தம் கேட்பார்கள், திரும்ப அனுப்ப வேண்டும். பங்கேற்பாளர்களுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்னால் பொதுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள் பதிவில்லாத சோதனைகளை ஏற்பதில்லை. இவை எல்லாம் முடிந்த பிறகுதான் ஆள் சேர்ப்பு. ஆள் சேர்ப்பு எப்போதும் திட்டமிட்டதைவிட மெதுவாகவே நடக்கும். அதன் பிறகு ரத்த மாதிரிகளின் பகுப்பாய்வு, புள்ளியியல், கட்டுரை. மூன்று ஆண்டு நிதியில் இரண்டாம் ஆண்டின் பாதியில் முதல் பங்கேற்பாளர் வந்தால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதற்காக மனித ஆய்வையே கைவிடச் சொல்லவில்லை. எந்த அளவிலான மனித ஆய்வு என்பதுதான் கேள்வி. மீயளவு பதப்படுத்திய உணவைப் பற்றிக் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட சோதனையில் பங்கேற்றவர்கள் 20 பேர்தான். அந்த உணவுமுறையில் இருந்தபோது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி கூடுதலாக உண்டார்கள் என்ற அந்த முடிவைத் துறையில் எல்லோரும் அறிவார்கள். ஆனால் அந்த 20 பேரும் 28 நாள் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மருத்துவமனையிலேயே தங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வேளை உணவும் அளந்து கொடுக்கப்பட்டது. ஒரு மாணவரின் ஆய்வுச் செலவுக் கணக்கில் அதில் ஒரு மூலையைக்கூட நடத்த முடியாது.

உங்கள் கேள்விக்கு நல்ல வேளையாகச் சிறிய ஆய்வே போதும். உணவு உண்ட பிறகு இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரையை அளக்கும் குறுகிய காலச் சோதனை. ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் காட்டும் கிளைசீமிக் குறியீட்டை அளக்க வகுத்த ஐஎஸ்ஓ 26642 என்ற சர்வதேசத் தரம் கேட்பது குறைந்தது பத்து ஆரோக்கியமான நபர்களைத்தான். அவர்களே எல்லா உணவுகளையும் வெவ்வேறு நாள்களில் உண்பார்கள் என்பதால் தனியாக ஒப்பீட்டுக் குழு வேண்டியதில்லை. இது மூன்று ஆண்டுக்குள் அடங்கும். இதுவே "மூன்று மாதம் அந்த உணவை உண்டால் இன்சுலின் எதிர்ப்பு குறையுமா" என்று மாறினால் நான்கு ஆண்டும் போதாது.

கரைசல் எழுதியது:

தொடராய்வு அம்மா சொன்னதோடு ஆய்வகப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். ஸ்டார்ச்சுக்கு 1992இல் இங்கிலிஸ்ட் குழு வகுத்த பிரிவுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 20 நிமிடத்துக்குள் செரிப்பது, 20 முதல் 120 நிமிடத்துக்குள் செரிப்பது, அதன் பிறகும் செரிக்காமல் எஞ்சுவது. செரிமானத்தை ஆய்வகத்தில் போலச் செய்து பார்க்க இன்று பரவலாகப் பயன்படும் இன்ஃபோஜெஸ்ட் செய்முறையில் வாய்க்கட்டம் 2 நிமிடம், இரைப்பைக் கட்டம் பிஎச் 3இல் 2 மணி நேரம், சிறுகுடல் கட்டம் பிஎச் 7இல் 2 மணி நேரம். ஒரு நாளில் ஒரு சோதனை ஓடிவிடும். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் இந்த வேலையை முடித்து முதல் இரண்டு அத்தியாயங்களை எழுதிவிடலாம். விண்ணப்பத்தில் இந்த வரிசையைக் காட்டினால், தேர்வுக் குழு உங்களைத் திட்டமிடத் தெரிந்தவராகப் பார்க்கும்.

பால்மம் எழுதியது:

நிறுவன நிதியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. நான் பல்கலைக்கழகமும் நிறுவனமும் சேர்ந்து நிதி தரும் இடத்தில்தான் ஆய்வு செய்கிறேன். எண்ணெய்த் துளிகள் புரத உறைக்குள் எப்படி நிலைத்திருக்கின்றன என்பது என் வேலை.

நிறுவனம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். உணவு அறிவியலில் அது நியாயமில்லை. முன்மாதிரி ஆலை, மாவை அழுத்திப் பிழிந்து வடிவமாக்கும் பெரிய எக்ஸ்ட்ரூடர், தெளிப்பு உலர்த்தி போன்றவை பல துறைகளில் நிறுவனப் பணத்தால்தான் ஓடுகின்றன. பிரிட்டனில் உயிரியல் ஆய்வுக்கு நிதி தரும் அரசு அமைப்பான பிபிஎஸ்ஆர்சியின், நிறுவனங்களோடு சேர்ந்த 'கேஸ்' வகை இடங்களில் மாணவர் குறைந்தது மூன்று மாதமாவது நிறுவனத்தில் இருந்தாக வேண்டும். அங்கே கற்றதுதான் எனக்குப் பெரிதும் உதவியது. ஆய்வகத்தில் நூறு மில்லிலிட்டரில் அழகாக நிற்கும் பால்மம் (எண்ணெயும் நீரும் துளிகளாகக் கலந்த கலவை), ஐந்நூறு லிட்டரில் ஏன் பிரிகிறது என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தொடராய்வு எழுதியது:

பால்மம், உங்கள் தலைப்பில் நான் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. துளி நிற்கிறதா பிரிகிறதா என்பதை நிறுவனத்தின் விருப்பம் மாற்றாது. ஆனால் மாவுச்சத்து ஆராயப் போவது ஓர் உணவு உடலுக்கு நல்லதா என்பதை. அங்கே பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஆய்வின் உள்ளேயே வந்து உட்காரும்.

வரலாறு கண்முன்னே இருக்கிறது. 1967இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஒரு மீளாய்வுக் கட்டுரை, இதய நோய்க்குச் சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டிக் கொழுப்பின் மீது கவனத்தைத் திருப்பியது. அதற்குச் சர்க்கரைத் துறையின் அமைப்பு பணம் கொடுத்திருந்தது. கட்டுரையில் அது சொல்லப்படவில்லை. அந்த அமைப்பின் உள் ஆவணங்களைத் தேடி எடுத்து இதை ஆய்வாளர்கள் வெளியிட்டது 2016இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு! 2015இல் கோக கோலா நிதி பெற்ற 'உலக ஆற்றல் சமநிலை வலையமைப்பு' உடற்பயிற்சியை முன்னிறுத்தி உணவின் பங்கைச் சிறிதாக்குகிறது என்ற கண்டனம் எழுந்து, அந்த ஆண்டின் முடிவிலேயே கலைக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதில்தான் பணத்தின் கை தெரியும்.

பால்மம் எழுதியது:

மறுக்கவில்லை அம்மா. கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் சாய்வு வரும் என்பதை நானே பார்க்கிறேன். எங்கள் திட்டத்தில் நிறுவனத்துக்குப் பயன்படாத கலவைகள் முதல் ஆண்டிலேயே பட்டியலிலிருந்து போய்விட்டன.

ஆனால் அரசு நிதி கிடைக்கும்வரை காத்திரு என்று மாணவரிடம் சொல்வதும் எளிதல்ல. அதனால் மாவுச்சத்துக்கு நான் சொல்வது, ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள் என்பதே. விளம்பரத்தையோ நெறியாளரின் வாய்மொழியையோ நம்பி விட்டுவிடாதீர்கள். முடிவுகளை வெளியிட நிறுவனத்தின் அனுமதி வேண்டுமா, அல்லது முன்கூட்டியே காட்டினால் போதுமா? இரண்டுக்கும் மலையளவு வேறுபாடு. காப்புரிமைக்காக இரண்டு மூன்று மாதம் வெளியீட்டைத் தள்ளிவைப்பது வழக்கமான நிபந்தனை, அதை ஏற்கலாம். கால வரம்பே எழுதாமல் "ஒப்புதலுக்குப் பிறகு" என்று மட்டும் இருந்தால் கையெழுத்திட வேண்டாம். நிறுவனம் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்குமா என்பதும் எழுத்தில் வேண்டும். உணவு நிறுவனங்களில் ஆய்வுப் பிரிவுகளை மாற்றியமைப்பது அடிக்கடி நடக்கிறது. பிரிவு மூடப்படும்போது மாணவரின் நிலை என்ன என்று அப்போது போய்க் கேட்க முடியாது.

தொடராய்வு எழுதியது:

இதில் நாம் இருவரும் ஒன்றுபடுகிறோம். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: மனிதச் சோதனையின் புள்ளியியல் பகுப்பாய்வுத் திட்டம், முதல் மாதிரி எடுப்பதற்கு முன்பே பொதுவெளியில் பதிவாகிவிட வேண்டும் என்று வலியுறுத்துங்கள். நிறுவனம் அதற்கு இணங்கினால், நான் என் மாணவரை அங்கே அனுப்பத் தயங்க மாட்டேன்.

மாவுச்சத்து எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நான் தொகையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியவை வேறு என்று இப்போது தெரிகிறது. இரண்டு சந்தேகங்கள். க்யூரி வலையமைப்பு அறிவிப்பில் மாதம் 3,400 யூரோ என்று இருக்கிறது. அது கைக்கு வருமா? அடுத்து, நெறியாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் என்ன இருக்க வேண்டும்?

கரைசல் எழுதியது:

கைக்கு வராது. 3,400 என்பது 2023-24 பணித்திட்டத்தில் வாழ்க்கைச் செலவுப் படியாக ஐரோப்பிய ஒன்றியம் வேலை தரும் நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகை. அதை அந்த நாட்டின் விலைவாசிக் குணகத்தால் பெருக்குவார்கள். பிறகு முதலாளியின் சமூகப் பாதுகாப்புப் பங்கு, உங்கள் பங்கு, வரி எல்லாம் அதிலிருந்தே போகும். மாதம் 600 யூரோ இடம்பெயர்வுப் படி தனி. குடும்பம் இருந்தால் அதற்கும் ஒரு படி. எனவே "என் நிலைக்கு நிகர ஊதியம் ஏறத்தாழ எவ்வளவு?" என்று மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம், அவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி.

இன்னொன்று: அந்த நிதி 36 மாதத்துக்குத்தான். முனைவர் பட்டம் நான்கு ஆண்டு எடுக்கும் நாட்டில் இடம் என்றால், நான்காம் ஆண்டுக்குச் சம்பளம் யார் தருவார்கள் என்பதை நேர்காணலிலேயே கேளுங்கள். பல துறைகள் தங்கள் சொந்த நிதியிலிருந்து நீட்டிக்கின்றன. சில நீட்டிப்பதில்லை.

மின்னஞ்சலைப் பற்றி: "தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் சேர விரும்புகிறேன்" என்று தொடங்குவதை யாரும் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. அவர்களுடைய ஒரு கட்டுரையை உண்மையாகவே படித்து, அதில் விடை கிடைக்காத ஒன்றைச் சுட்டுங்கள். உதாரணமாக, "ஆய்வகச் செரிமானத்தில் மெதுவாகச் செரித்த மாதிரி மனிதர்களிடம் அந்த வேறுபாட்டைக் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், மெல்லும்போது துகள் அளவு மாறியது காரணமாக இருக்குமா?" என்று. அடுத்த இரண்டு வரியில் உங்கள் முதுகலை ஆய்வில் நீங்களே செய்த அளவீடுகள். பிறகு நிதி எந்த வழி என்று தெளிவாக: அறிவித்த இடத்துக்கா, அல்லது நீங்கள் தனியாக உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவருடைய ஆதரவு வேண்டுமா. அதோடு நிறுத்திவிடுங்கள்.

அமிலக்காரம் எழுதியது:

குடும்பத்தோடு போகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. நான் ஊழியர் ஒப்பந்தத்தில் இருந்தபோது குழந்தை பிறந்தது. பேறுகால விடுப்புக்குச் சம்பளம் கிடைத்தது, ஒப்பந்தமும் அந்த அளவுக்கு நீண்டது. அதே துறையில் சொந்த நாட்டு உதவித்தொகையில் வந்திருந்த தோழிக்கு விடுப்பு கிடைத்தது, ஆனால் உதவித்தொகை நின்றுவிட்டது. ஒரே ஆய்வகம், ஒரே நெறியாளர், பக்கத்துப் பக்கத்து மேசை. தொகையைப் பார்த்தால் அவளுடையது என்னுடையதைவிட அதிகம் குறைந்ததில்லை. நோய், பேறுகாலம், பெற்றோர் விடுப்பு மூன்றிலும் நிதி என்னாகும் என்ற பக்கத்தை விதிகளில் தேடிப் படியுங்கள். உதவித்தொகை தரும் அமைப்பு சொந்த நாட்டுக்குத் திரும்பி இத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்று பத்திரம் கேட்கிறதா என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கும்.

மட்டுறுத்துநர் எழுதியது:

இந்த இழையைப் படிக்கும் எல்லோருக்கும்: விண்ணப்பக் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, அதைத் தங்கள் தளத்திலேயே வாங்குவார்கள். "முழு நிதி இடத்தை உறுதி செய்ய" என்று தனி நபர் கணக்குக்குப் பணம் கேட்பவர் மோசடிக்காரர். அப்படிப்பட்ட மின்னஞ்சல்களை இங்கே புகாராக அனுப்புங்கள்.

மாவுச்சத்து எழுதியது:

இரண்டு இடங்களுக்கும் எழுதிக் கேட்டேன். நிறுவனம் சேர்ந்த இடத்தில் நெறியாளர் மரியாதையாகப் பேசினார். ஒப்பந்தத்தின் வெளியீட்டுப் பகுதியைத் தேர்வான பிறகுதான் காட்ட முடியும் என்றார். மனித ஆய்வு உண்டா என்று கேட்டதற்கு, "நிறுவனத்தின் முன்னுரிமையைப் பொறுத்தது" என்பதே பதில். வலையமைப்பு இடத்தில் சிறிய குறுகிய காலச் சோதனை திட்டத்திலேயே இருக்கிறது. நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்ப வரைவை ஒரு முதுநிலை ஆய்வாளர் இப்போதே எழுதத் தொடங்கிவிட்டாராம். 36 மாதத்துக்குப் பிறகு ஆறு மாதம்வரை துறை நிதி தரும் என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறார்கள். அதற்கே விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள், முதுகலை ஆய்வைப் பத்து நிமிடத்தில் விளக்க வேண்டும். எதை விடுவது என்று தெரியவில்லை.

தொடராய்வு எழுதியது:

மகிழ்ச்சி. அறிமுகத்தை விடுங்கள்; ஸ்டார்ச் என்றால் என்ன என்று அந்தக் குழுவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதை எப்படி அளந்தீர்கள், எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள், பிழைக்கோடு (அளவீட்டின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோடு) எதைக் குறிக்கிறது என்று நிதானமாகச் சொல்லுங்கள். நான் குழுவில் இருந்தால் அடுத்த கேள்வி அந்தப் பிழைக்கோட்டைப் பற்றித்தான் இருக்கும். மீதி நேரத்தில், அந்த முடிவு தவறாக இருக்க என்னென்ன வழி உண்டு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் உங்களிடம் ஏதாவது கேட்கச் சொல்லும்போது, ரத்த மாதிரிகளை எந்த ஆய்வகம் பகுப்பாய்வு செய்யும், அதற்கான செலவு திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். மாணவரின் சம்பளத்தை ஒதுக்கிவிட்டு இன்சுலின் அளவீட்டுக்குப் பணம் ஒதுக்க மறந்த திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.